மேலிருந்து மூன்றாவது

சூளகிரி,
9 பிப்ரவரி 2025

ஜப்பான் தேசத்து நகோயா நகரைக் கட்டி ஆளும் என் மருமகள் அனிதாவுக்கு, சூளகிரி ஸ்டூடியோச் சக்கரவர்த்தியும் உன் ஒரே தாய்மாமனுமான கோவிந்தப்பன் எழுதுவது. நான் இரும்புத் தூண் மாதிரி இருக்கிறேன். அந்த ஊர்ப் பனி உன் மூக்கை விட்டுவைத்திருக்கிறதா?

கண்ணு, நான் இப்போது சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். ஓசூரிலிருந்து ஊத்தங்கரை வரை ஒரு ஜீவனும் நம்பாது. இருந்தாலும் நீ கொடுத்தனுப்பிய கேமராவின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

அந்தக் கேமராவை மாட்டிக்கொண்டு முதல் வேலையாக உத்தனப்பள்ளியில் ஒரு முகூர்த்தத்துக்கு விடியற்காலையில் வண்டியை எடுத்தேன். சானமாவுக் காட்டோரம் வளைவில் திரும்பினால், கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்குக் காது முளைத்த மாதிரி ஒரு யானை குறுக்கே நிற்கிறது. கேமராவைப் பார்த்ததும் உடம்பை நிமிர்த்தியது. காதை ஒதுக்கி, இடது பக்கம்தான் தனக்கு அழகு என்று திரும்பி நின்றது. "பாஸ்போர்ட் சைஸா, முழு உருவமா?" என்றேன். "ஸ்வல்ப பேக தெகீரி" என்றது. கொஞ்சம் சீக்கிரம் எடுங்கள் என்று அர்த்தம். கர்நாடகத்திலிருந்து எல்லை தாண்டி வந்த யானை, தமிழ் இன்னும் பழகவில்லை. படம் எடுத்ததும் தும்பிக்கையை உயர்த்தி ஆசி வழங்கியது. அந்தக் காட்சியில் மெய்மறந்து என் வண்டி சாலையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கியது. வண்டியே வணங்கும்போது நான் மட்டும் விறைத்து நிற்கலாமா? நானும் வணங்கினேன்.

நிற்க. மகாராஜாக்கள் கையால் எழுதுவதில்லை. ஆகவே இனி நானும் வாயால் சொல்லி, போனை எழுதவைப்பதாகத் தீர்மானித்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். மின்னஞ்சல்தான் மரியாதை.

ஒரு சிறு விண்ணப்பம். கேமராவின் டயலைத் திருப்பினால் வெளிச்சம் எனக்கு எதிர்ப்பக்கமாக ஓடுகிறது. அதை மாற்றவேண்டும். மெனு முழுக்க உங்கள் ஊர் எழுத்து. எதை அழுத்துவது?

உடம்பைப் பார்த்துக்கொள். பச்சை மீனைத் தின்று வயிற்றைக் குளமாக்கிக்கொள்ளாதே.

மாமன்,
கோவிந்தப்பன்


நகோயா,
16 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அனிதா எழுதிக்கொள்வது. மூக்கு பத்திரமாக இருக்கிறது. உங்கள் கடிதம் பார்த்து ரயிலில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இந்த ஊரில் அது பெரிய குற்றம்.

யானை சரி. படம் எங்கே?

ஜப்பானுக்குள் மட்டும் விற்கும் மாடல் என்பதால் மெனுவை வேறு மொழிக்கு மாற்ற வழியில்லை. வாங்கும்போது இதை யோசிக்காமல் போனேன், மன்னியுங்கள். ஆனால் பயம் வேண்டாம், என்னிடமும் அதே கேமரா இருக்கிறது. மெனு பட்டனை அழுத்துங்கள். பல் சக்கரம் போட்ட பக்கத்துக்குப் போங்கள். மேலிருந்து மூன்றாவது வரி. அதுதான் டயலின் திசை. ஆனால் மாமா, எல்லாரும் அந்தப் பக்கம்தானே திருப்புகிறார்கள்? உங்களுக்கு மட்டும் ஏன்?

எங்கள் கல்யாணத்துக்கு ஆவணியில் முகூர்த்தம் பார்த்திருக்கிறார்கள். படம் எடுக்க பெங்களூரிலிருந்து டிரோன் வைத்திருக்கும் கோஷ்டியைக் கூப்பிடலாம் என்று அம்மா சொல்கிறாள். கௌதம் வீட்டில் அப்படித்தான் ஆசையாம். நான் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன்: மாமாதான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வாருங்கள். முகத்தைப் பார்த்து நாளாகிவிட்டது.

அனிதா


சூளகிரி,
2 மார்ச் 2025

அருமை மருமகளே,

மாமன் சௌக்கியம். வெயில் இப்போதே மாம்பூவைக் கருக்கப் பார்க்கிறது. உன் சளி போனதா?

யானையின் படத்தைத் தற்போது வெளியிட இயலாது. குடும்பத்தில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறது. வீடியோவும் வேண்டாம். என் முகத்தின் பிரகாசத்தை ஓசூர் டவர் தாங்காது, போன தடவையே மத்திகிரி வரை சிக்னல் போய்விட்டது என்று ஊரே என்னைத் திட்டியது.

உன் ஆணைப்படி மேலிருந்து மூன்றாவதை அழுத்தினேன். கேமரா கறுப்பு வெள்ளைக்குப் போய்விட்டது. சூளகிரி சந்தையில் தக்காளியெல்லாம் கரிக்கட்டை மாதிரி விழுகிறது. மறுபடி அழுத்தினேன். மறுபடி கறுப்பு. உன் ஜப்பான்காரர்கள் மூன்று வரை எண்ணத் தெரியாதவர்களா?

இன்னொன்று. ஒரு விரலால் ஃபோகஸ், இன்னொரு விரலால் படம் என்று இத்தனை வருஷம் பழகிவிட்டேன். இப்போது எல்லா வேலையையும் ஒரே பட்டனுக்குக் கொடுக்க விரும்புகிறேன். மற்ற விரல்கள் ஓய்வு கேட்டு மனுக் கொடுத்திருக்கின்றன. சேவையில் மூத்தவை, மறுக்க முடியவில்லை.

டிரோன் என்பது கொசுவுக்கு இன்ஜின் வைத்தது. அக்காவிடம் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு.

கோவிந்தப்பன்


நகோயா,
5 மார்ச் 2025

அன்புள்ள மாமா,

சளி போய்விட்டது. நீங்கள் நலம்தானே? குரலையாவது கேட்கலாம் என்று கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

என் கேமராவில் மறுபடி பார்த்தேன். மேலிருந்து மூன்றாவதுதான். கறுப்பு வெள்ளை அந்தப் பக்கத்தின் அடியில், கீழிருந்து மூன்றாவதாக இருக்கிறது. எண்ணாதீர்கள், எழுத்தைப் பாருங்கள். டயல் வரியின் முதல் எழுத்து காலை அகட்டிக்கொண்டு நிற்கும் ஒரு ஆளைப் போல இருக்கும். அந்த ஆளைக் கண்டுபிடித்து அழுத்துங்கள். ஒரே பட்டன் விஷயத்தை அதற்குப் பிறகு சொல்கிறேன்.

அம்மா கேட்கச் சொன்னாள்: சிவராத்திரிக்கு ஏன் ஊத்தங்கரைக்கு வரவில்லை? வேலை நெருக்கடி என்றீர்களாம். சிவராத்திரியன்று யார் கல்யாணம் வைக்கிறார்கள்?

அனிதா


சூளகிரி,
13 ஏப்ரல் 2025

கண்ணு,

பதில் தாமதமானதற்குப் பேரரசு வருந்துகிறது. நாளை புத்தாண்டு. நீயும் கௌதமும் நூறாண்டு வாழ மாமனின் ஆசி. நான் நலம். கீழ்க்கடை பவளம் மெஸ்ஸில் இப்போதெல்லாம் கரண்டியால்தான் சாப்பிடுகிறேன். "என்னாண்ணா, தொரையாயிட்டீங்களா?" என்கிறாள் பவளம். நீ அங்கே குச்சியால் சாப்பிடும்போது உன் மாமன் கையால் பிசைந்து தின்றால் உன் கௌரவம் என்னாவது?

காலை அகட்டிய உன் ஆளை மெனு முழுக்கத் தேடினேன். அப்படி ஒருவன் இல்லை. ஒரு கவட்டை இருக்கிறது. குருவி அடிக்கப் பையன்கள் வைத்திருப்பார்களே, அந்தக் கவட்டைக் குச்சி. அதுவும் வரியின் முதலில் இல்லை, கடைசியில். உன் ஆள் வேலையை விட்டுவிட்டுப் போயிருப்பான்.

காமன்தொட்டியில் ஒரு குழந்தைக்குக் காது குத்து. கேமராவிலிருந்து இறங்கிய படத்தை அப்படியே அனுப்பியிருக்கிறேன். எல்லாரும் தலைகீழாகத் தொங்குகிறார்களே என்று திகைக்காதே. அன்று கிருஷ்ணகிரி டோல்கேட்டில் லாரிகள் அதிகம் நின்றதால் பாரம் தாங்காமல் பூமி ஒருதரம் புரண்டு படுத்தது. காது குத்தும் ஆசாரி மட்டும் உச்சியில் தொங்கியபடி வேலையை முடித்தார். மாமன் கையில் இருந்ததால் கேமரா தப்பியது.

வெந்நீர் குடி.

கோவிந்தப்பன்


நகோயா,
20 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமா,

நலம். உங்கள் நலத்தை இந்தத் தடவை வழக்கம்போலக் கேட்கவில்லை.

படத்தைப் பார்த்ததும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என் கேமராவை எடுத்தேன். அதை யாரும் இடது கையால் பிடிக்க முடியாது மாமா. பிடி, பெரிய பட்டன், டயல், எல்லாம் வலது பக்கம். உலகத்தில் எந்தக் கம்பெனியும் இடது கைக்கென்று கேமரா செய்வதில்லை. ஆனால் தலைகீழாகத் திருப்பினால் பிடி இடது கைக்கு வருகிறது. பெரிய பட்டன் இடது கட்டைவிரலுக்கு அடியில் வருகிறது. திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். டயல் எதிர்ப்பக்கம் ஓடியது. மெனுவைத் திறந்தேன். மேலிருந்து மூன்றாவது இருந்த இடத்தில் கீழிருந்து மூன்றாவது இருந்தது. காலை அகட்டிய ஆள் வரியின் கடைசியில் கவட்டையாகக் கவிழ்ந்து கிடந்தான்.

தமிழ் மெனுவாக இருந்திருந்தால் தலைகீழ் என்று உங்களுக்கு உடனே தெரிந்திருக்கும். தெரியாத எழுத்து, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான் இல்லையா?

கரண்டி. வாயால் எழுதுவது. வீடியோ வேண்டாம் என்பது. ஊத்தங்கரைக்குப் போகாதது.

வலது கைக்கு என்ன ஆனது என்று நான் கேட்கமாட்டேன். நீங்களே சொல்லும்வரை காத்திருக்கிறேன். அதுவரை, தலைகீழாகவே பிடித்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்: கீழிருந்து மூன்றாவது வரி, கவட்டையில் முடிவது. டயல் உங்கள் பக்கம் ஓடும். அதற்கு நேர் மேலே உள்ள வரியில் ஒரே பட்டனுக்கு ஃபோகஸையும் படத்தையும் கொடுக்கலாம்.

உங்கள்
அனிதா


நகோயா,
18 மே 2025

மாமா,

நலமா? நான் நலம். உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பெங்களூர் கோஷ்டியிடம் தேதியை உறுதி செய்யவேண்டுமாம், தினமும் கேட்கிறாள். "உன் மாமன் போனும் எடுக்கறதில்ல, ஊருக்கும் வரதில்ல, அவன நம்பி எப்படி உக்கார்றது?" என்கிறாள். நான் என்ன பதில் சொல்வது?

அனிதா


சூளகிரி,
25 மே 2025

அனிதா,

வண்டியில் விழுந்தேன். முழங்கைக்கு மேலே எலும்பு உடைந்தது. ஓசூரில் பிளேட் வைத்துத் தைத்துவிட்டார்கள், எலும்பு சேர்ந்துவிட்டது. நரம்புதான் இன்னும் வரவில்லை. மணிக்கட்டு தொங்குகிறது, விரலை நிமிர்த்த முடியவில்லை. வரலாம், வராமலும் போகலாம், தினமும் பயிற்சிக்கு வாருங்கள் என்றார் டாக்டர். கொஞ்சநாள் போனேன், பிறகு விட்டுவிட்டேன்.

தலைகீழாகப் பிடித்துப் பழகினேன். காது குத்து, மஞ்சள் நீராட்டு, எல்லாம் வந்தது. போன மாதம் ராயக்கோட்டையில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டினார்கள். என் இடது கட்டைவிரல் பட்டனைத் தேடிப் போவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. படம் இல்லை. அந்தப் பெண்ணின் அப்பா என்னை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "பரவால்ல வுடுங்க" என்றார். அதுதான் தாங்கவில்லை.

உன் முகூர்த்தத்தை அப்படித் தவறவிட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உன்னைப் பார்ப்பேன்? பெங்களூர்க்காரர்களையே வரச் சொல். அக்காவிடம் எனக்கு வேறு வேலை வந்துவிட்டது என்று சொல்லிவிடு.

நீ நன்றாக இருக்கவேண்டும்.

மாமன்


நகோயா,
1 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

முதல் தடவையாக ஒரு பொய்யும் இல்லாத கடிதம் எழுதியிருக்கிறீர்கள். படிக்க நன்றாகவே இல்லை.

ஒரு யோசனை. கெட்டிமேளத்தைக் கேட்டு உங்கள் கட்டைவிரல் ஓடினால்தானே தவறும்? முடிச்சு உங்கள் கட்டைவிரலுக்காகக் காத்திருக்கட்டும். கேமராவின் முகத்தில் ஒரு குட்டி விளக்கு இருக்கிறது. பட்டனை அழுத்தினால் அது ஆரஞ்சு நிறத்தில் கண் சிமிட்டும், ஒரு மூச்சு விட்டபின் படபடவென்று வரிசையாகப் படங்கள் விழும். அப்படி வைத்துக்கொள்ள மெனுவில் இடம் உண்டு. உங்கள் பக்கத்திலிருந்து, கீழிருந்து ஐந்தாவது.

கடைசி முடிச்சுப் போடப்போவது கௌதமின் தங்கை சுவேதா. அவளிடம் பேசிவிட்டேன். விளக்கு சிமிட்டும்வரை கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். "எவ்ளோ நேரம்னாலும் நிக்கறேன் அண்ணி, ஐயர் திட்டினா நீங்க பாத்துக்கோங்க" என்றாள். பெங்களூர்க்காரர்கள் வானத்திலிருந்து எடுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அந்த முடிச்சு உங்களுடையது.

இதற்கு இரண்டு நிபந்தனை. பயிற்சிக்கு மறுபடி போகவேண்டும். அம்மாவிடம் நீங்களே, நேரில், கையைக் காட்டிச் சொல்லவேண்டும்.

மேல்சட்டைக்குப் பொத்தான் யார் போட்டுவிடுகிறார்கள் மாமா?

அனிதா


ஊத்தங்கரை,
15 ஜூன் 2025

நகோயாப் பேரரசிக்கு, உன் தாயாரின் சிறையிலிருந்து மாமன் எழுதுவது. உடம்பு இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டது. நீ நலமா?

சொல்லிவிட்டேன். பேருந்தை விட்டு இறங்கி, வாசலில் நின்று, கையை நீட்டினேன். உன் அம்மா மாதம்மாள் அப்போது எழுப்பிய சத்தத்தில் சிங்காரப்பேட்டையில் இரண்டு தென்னை சாய்ந்தன.

"ஏன்டா, நான் செத்தா பூட்டேன்? ஒரு போன் பண்ண வாய் இல்லியா?"

"கல்யாண நேரத்துல உனக்கு எதுக்கு அக்கா…"

"கம்னு இரு. பேசாத. இத்தினி நாளு யாரு உனக்குத் தலைக்கு எண்ண வச்சா? யாரு சட்ட மாட்டி வுட்டா?"

"சட்டைய நானே தலை வழியா மாட்டிக்குவேன். பொத்தானப் போட்டே வச்சிருப்பேன்."

அதைக் கேட்டதும் சத்தத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் கழித்துச் சோற்றைப் பிசைந்து கொண்டுவந்தாள். கரண்டியைக் கண்ணில் காட்டவில்லை.

பயிற்சி தொடங்கிவிட்டது. நேற்று என் வலது ஆள்காட்டி விரல் ஒரு கேழ்வரகு மணி உயரத்துக்கு எழுந்தது. அந்த அதிர்ச்சியில் பயிற்சி கொடுக்கும் தம்பி நாற்காலியோடு ஓசூர்வரை பறந்து போனான்.

நீ சொன்ன கீழிருந்து ஐந்தாவதை வைத்துவிட்டேன். விளக்கு சிமிட்டுகிறது. உன் அம்மாவின் கோழிகளை வைத்துப் பழகுகிறேன். ஒன்றுக்கும் பொறுமை இல்லை.

நல்லபடியாக வந்து சேர்.

கோவிந்தப்பன்


நகோயா,
21 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் கௌதமும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். பயணத்தில் கொஞ்சம் கால் வீக்கம், வேறொன்றுமில்லை. அம்மா தினமும் உங்களுக்கு எண்ணெய் தேய்க்கிறாளா?

நேற்றுத்தான் எல்லாப் படங்களையும் பார்த்து முடித்தோம். டிரோன் எடுத்ததில் நாங்கள் எறும்பு மாதிரி இருக்கிறோம். அதன் காற்றில் அட்சதை முழுவதும் போட்டவர்கள் மேலேயே திரும்பி விழுந்திருக்கிறது.

உங்கள் படத்தைத் திருப்பி நிமிர்த்தவில்லை. அப்படியே தலைகீழாகத்தான் வைத்திருக்கிறேன். சுவேதா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதும், ஐயர் "முகூர்த்தம் போறதும்மா!" என்று கத்தியதும், நீங்கள் கேமராவுக்குப் பின்னாலிருந்து "இரு சாமி, ஜப்பான்ல இருந்து சிக்னல் வரணும்!" என்றதும் இன்னும் காதில் இருக்கிறது. நான் குனியாமல் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிமிட்டியது. சுவேதா முடிச்சுப் போட்டாள். வரிசையில் எல்லாம் விழுந்திருக்கிறது: கயிறு, விரல், முடிச்சு. கடைசிப் படத்தில் எல்லாரும் தாலியைப் பார்க்கிறார்கள். அம்மா மட்டும் உங்களைப் பார்க்கிறாள்.

எல்லாம் சொன்னீர்கள் மாமா. எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்பதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. அம்மா கேட்டாலும் பேச்சை மாற்றுகிறீர்களாம்.

அனிதா


சூளகிரி,
5 அக்டோபர் 2025

என் அருமை மருமகள் அனிதாவுக்கும் மாப்பிள்ளை கௌதமுக்கும் மாமனின் ஆசிகள். காலை உயரமாக வைத்துப் படு, வீக்கம் வடியும். என் விரல் இப்போது கேழ்வரகைத் தாண்டி மாங்கொட்டை உயரத்துக்கு வந்திருக்கிறது. இது பொய்யில்லை, டாக்டரே சொன்னார்.

நான் பேச்சை மாற்றியதற்குக் காரணம் உண்டு. வண்டி சரிந்தபோது கழுத்தில் தொங்கிய உன் கேமராவை வலது கையால் பற்றிக்கொண்டேன். அது தரையில் படக்கூடாதென்று கையைத் தூக்கிப் பிடித்தபடியே சரிந்தேன். முழு உடம்பும் அந்தக் கைமேலேயே வந்து விழுந்தது. இதைச் சொன்னால் "நான் வாங்கிக் கொடுத்ததால்தானே" என்று நீ உட்கார்ந்து அழுவாய். அழாதே. கேமராவில் ஒரு கீறல் இல்லை. அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

இனி ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த வருஷம் நான் உனக்கு எழுதியதில் பெரும்பகுதி கப்சா. சிங்காரப்பேட்டையில் தென்னை சாயவில்லை. கிருஷ்ணகிரியில் பூமி புரளவில்லை. பயிற்சித் தம்பி நாற்காலியை விட்டு எழவே இல்லை. யாரும் இடது பக்கம் திரும்பி நிற்கவில்லை, கன்னடம் பேசவில்லை, ஆசி வழங்கவில்லை. வண்டிக்கு பக்தி கிடையாது, பிரேக் மட்டும்தான் உண்டு.

இத்துடன் ஒரு படம் இணைத்திருக்கிறேன். விழும்போது என் வலது ஆள்காட்டி விரல் தானாக அழுத்தியது. பாதி தார்ச்சாலை, பாதி பனி. மேல் மூலையில் தூண் மாதிரிச் சாம்பலாக ஒன்று தெரிகிறதே, அது தூண் இல்லை, கால். அந்த விரல் இதுவரை எடுத்ததில் கடைசிப் படம். இன்னும் எடுக்கும்.

ஆக, அத்தனை புளுகிலும் ஒரே ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம், கண்ணு. அந்த யானை.

மாமன்,
கோவிந்தப்பன்